வெள்ளாடும் வேலிக்காத்தானும்

இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிகளில் மழை பொய்த்தாலும் பிழைத்துக்கொள்பவை இரண்டு. ஒன்று வெள்ளாடு, மற்றொன்று வேலிக்காத்தான் எனப்படும் சீமைக் கருவேல். இரண்டும் நிலத்தைக் கெடுப்பவை என்று சேர்த்துப் பழிப்பது சரியன்று. ஆட்டைக் கட்டிப் போடலாம். பணமுடை வந்தால் விற்கலாம். கருவேலோ வெட்ட வெட்ட அடித்தூரிலிருந்து தழைக்கும். விறகும் கரியும் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இவ்விரண்டும் கூட்டாளிகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆடு இதன் தழையை அதிகம் சீண்டாது. இனிப்பான நெற்றையோ விரும்பித் தின்னும். கடினத் தோலுடைய விதைகளில் பல செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறி எளிதில் முளைக்கும். கிடை போட்ட நிலத்தில் முள் தலைகாட்டுவது இதனால்தான். குற்றம் ஆட்டினுடையதன்று, மேய்ச்சல் முறையினுடையது.

நெற்று உதிரும் காலத்தில் ஆடுகளைக் கருவேலங்காட்டில் விடாமல், நெற்றைப் பொறுக்கி உலர்த்தி, விதையும் உடையும்படி அரைத்துத் தவிட்டுடன் அளவாகக் கொடுப்பது நல்லது. பட்டி எருவை நன்கு மக்கவைத்த பிறகே வயலில் இட வேண்டும். அப்படியும் முளைத்த கன்றுகளை மழை ஈரம் காயுமுன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். ஓராண்டு தள்ளிப்போட்டால் கடப்பாரை தேவைப்படும்.