கூட வந்தவர் யார்?

புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு வீட்டில் எல்லாமே மாறிவிடுகிறது. நோயாளியின் பெயரில் ஒரு ஃபைல் போடுகிறார்கள். ஸ்கேன், பயாப்ஸி, ரத்தப் பரிசோதனை என்று அது தடித்துக்கொண்டே போகிறது. அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் மனைவிக்கோ மகனுக்கோ ஃபைல் கிடையாது. "கூட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கூப்பிடுவது பெரும்பாலும் மருந்துச் சீட்டு கொடுக்க, அல்லது பணம் கட்டச் சொல்ல. "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பதற்கு அல்ல!

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் உருவானதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துக்கம் இருக்கிறது. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஆனால் எல்லோராலும் துக்கத்தை ஒரு பெரிய செயலாக மாற்ற முடிவதில்லை. பலருக்கு அது உள்ளேயே தங்கி மனச்சோர்வு ஆகிவிடுகிறது.

வருத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் அழுவது இயல்புதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, கிட்டத்தட்ட தினமும், மனம் இருண்டே கிடந்தாலோ எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ அதைக் கவனிக்க வேண்டும். கூடவே தூக்கமும் பசியும் கெடலாம், தேவையில்லாத குற்ற உணர்வு வரலாம், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றலாம். இது சிகிச்சையால் சரியாகக்கூடிய நோய்.

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பல வீடுகளில் நோயாளியிடம் உண்மையைச் சொல்வதில்லை. "சாதாரணக் கட்டிதான்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் ஒருவர் மட்டும் அந்த ரகசியத்தைச் சுமக்கிறார். அவர் எதிரில் அழக் கூடாது, உறவினரிடமும் வாய் விடக் கூடாது. போதாக்குறைக்கு, பார்க்க வருபவர்கள் எல்லோரும் "நீதான் தைரியமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தைரியம் சொல்வது நல்லதுதான். ஆனால் அது சில சமயம் வாய்ப்பூட்டாகவும் ஆகிவிடுகிறது.

"நோயாளியே வலியில் துடிக்கும்போது கூட இருப்பவருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கீமோதெரபி முடிந்து வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. நடு இரவில் தொட்டுப் பார்த்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வேண்டியவர் அவர்தான். வேளைக்கு மாத்திரை கொடுப்பவரும் அவர்தான். அவர் மனம் உடைந்து கிடந்தால் நோயாளியின் சிகிச்சையும் தடுமாறும். அதற்காக மட்டும் அல்ல. அவரும் ஒரு மனிதர் என்பதே போதுமான காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2002-ல் வெளியிட்ட வலி தணிப்புச் சிகிச்சை பற்றிய விளக்கத்திலேயே நோயாளியோடு குடும்பத்தினரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மரணத்துக்குப் பின் அவர்களுக்கு ஏற்படும் துயரத்தில் துணை நிற்பதும் அதில் உண்டு. நம் ஊரிலோ பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலோடு உறவினர்களும் போய்விடுகிறார்கள்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலாவது ஆர்வம் குறைந்ததா என்ற இரண்டே கேள்விகள் கொண்ட பரிசோதனை மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு கீமோவுக்கு வரும்போதும் கூட வந்தவரிடம் இதைக் கேட்டு, நோயாளியின் ஃபைலிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம். ஆம் என்று சொல்பவரை மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

நண்பர்களாகிய நாமும் "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். நொந்து போனவர் எதையும் கேட்க மாட்டார். "வியாழக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் நான் இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் உதவி. நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தபின், "நீ எப்படி இருக்கே?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.