பளிங்கு நீரை நம்பாதீர்கள்!

வீட்டுத் தொட்டியில் கடல் மீனும் பவழமும் வளர்க்கிறீர்களா? ஜலம் பளிங்காக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்! மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத விஷம். புதுப் பஞ்சு தூசியை வடிகட்டும், இதை வடிகட்டாது. நுண்ணிய பாக்டீரியாக்கள்தான் அந்த விஷத்தை மாற்ற வேண்டும்.

ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடற்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே பவழம் வளர்த்து, 1961-ல் அதைப் பற்றி எழுதினார். பாறைத் துவாரங்களில் குடியிருந்த பாக்டீரியாக்களே அவருக்கு வடிகட்டி!

புதுத் தொட்டியில் இவை பெருகச் சில வாரங்களாகும். பையன் அடம் பிடிக்கிறான் என்று முதல் நாளே மீனை விட்டால், பிறகு அவன் அழுகையை அடக்குவது உங்கள் பாடு.

இன்னொன்று: நீர் வற்றினால் உப்பு நீர் ஊற்றாதீர்கள். ரசம் சுண்டினால் கரிக்கிறதல்லவா? உப்பு தொட்டியிலேயேதான் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீர் போதும்.