மலை சரியும்போது பள்ளிக்கூடம் எங்கே நிற்கிறது?

பன்வில, மடுல்கலை, ரங்கல தொடங்கி கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை வரை, கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கும், அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் அதிபர், ஆசிரியர்களுக்கும்:

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையில் நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மாவட்டங்களில் கண்டிக்கே உயிர்ச்சேதம் அதிகம். நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை நடுவில் நின்று, மீதிப் பாடங்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின. டிசம்பர் நடுவில் பாடசாலைகள் திறக்கப்பட்டபோதும் மத்திய, ஊவா மாகாணங்களில் பல பாடசாலைகளைத் திறக்க முடியவில்லை. அதன் பிறகு நடக்கும் பேச்செல்லாம் வீடு, காணி, நட்டஈடு பற்றியது. அது நியாயம்தான். ஆனால் அந்தப் பேச்சில் தோட்டப் பாடசாலை ஒரு கூரையாக மட்டுமே வருகிறது. வீடிழந்தவர்கள் சில வாரம் பாய் விரித்துப் படுக்க ஓர் இடம், பிறகு கழுவிவிட்டுப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டடம். இந்த எண்ணத்தை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன். சரியும் மலையில் எச்சரிக்கை பாடசாலையிலிருந்து புறப்பட வேண்டும். குடியிருப்பை மாற்றுவதானால் புது இடத்தில் முதல் எழும்ப வேண்டியதும் பாடசாலையே.

ஏன் பாடசாலை? தோட்டத்தில் வேறு எது நம்முடையது என்று எண்ணிப் பாருங்கள். லயமும் பாதையும் பிள்ளைக் காம்பராவும் தோட்ட நிர்வாகத்தின் கீழ். 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபின், ஒரு சுவர் வெடித்தாலும் யாரிடம் சொல்வது என்பதே குழப்பம்: துரை பிரதேச செயலகத்தைக் காட்டுவார், பிரதேச செயலகம் துரையைக் காட்டும். பாடசாலை ஒன்றுதான் அரசாங்கத்தின் சொத்தாகவும் பெற்றோர் உரிமையோடு நுழையும் இடமாகவும் இருக்கிறது. அந்த நிலையும் எளிதாக வரவில்லை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டபோது தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்பு என்ற எண்ணமே இல்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்தில் பாடசாலை வைக்கச் சொன்னது. நடைமுறையில் அது பெரும்பாலும் கொழுந்துக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அடைத்து வைக்கும் கொட்டிலாகவே நின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த வரம்புக்கு வெளியே கிடந்தன. 1970களின் பிற்பகுதியில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இவ்வளவு தாமதித்துக் கிடைத்த ஒன்றை முகாமாக மட்டும் பாவிப்பது பெரிய வீண்.

எச்சரிக்கையைப் பார்ப்போம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு லயமும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது கடிதமாகத் தங்கிவிட்டது. மாற்று நிலம் இல்லாமல் எழும்பிப் போ என்றால் வேலையையும் லயத்தையும் ஒன்றாக விட்டு யார் போவார்கள்? டிட்வாவின்போதோ எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. ஆக அறிவியல் இருக்கிறது. அது கடைசி லயத்தின் வாசலுக்கு வந்து சேரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு ஒன்றும் இரகசியமில்லை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம், ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். இந்த நான்கு எண்களை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை படிக்க முடியாதா? புலமைப்பரிசிலுக்கு இதைவிடக் கடினமான கணக்குகளை நாம் அவர்கள் தலையில் ஏற்றுகிறோமே. நக்கிள்ஸ் சரிவில் ஒரு முகட்டில் கொட்டும் மழை அடுத்த முகட்டில் தூறலாக இருக்கும். கண்டி நகரத்தில் அளந்த மழை ரங்கலைக்கு உதவாது. பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி, தினமும் காலையில் வாசித்து எழுதும் பிள்ளைகள், எண் ஏறினால் மணி அடிக்கும் அதிகாரமுள்ள அதிபர்: இதற்குப் பெரிய பணம் வேண்டாம்.

இன்னொரு அறிவும் அதே பாடசாலைக்கு வரவேண்டும். கான் வெட்டத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையில் விழும் தண்ணீரைத் தேயிலை வரிசைகளுக்கு நடுவே மெல்ல இறக்கிவிடுவது அந்தக் கான்கள்தான். ஆள் குறைந்து கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்து, அடியிலுள்ள பாறையை விட்டு வழுக்கும். நிலத்தில் புதிதாக விழும் வெடிப்பு, சாயும் மரம், முன்பில்லாத இடத்தில் கிளம்பும் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, நேற்றுவரை இலகுவாக மூடிய கதவு இன்று இறுகிப்போவது எல்லாம் மலை கொடுக்கும் அறிவிப்புகள். இவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் பாடப்புத்தகம் எழுதியவர் அல்ல, பெரட்டுக்களத்தில் நின்று காலம் கழித்தவர்.

இனி இடமாற்றத்தைப் பார்ப்போம். நான் இப்போது வாழும் ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, அல்பனி ஆற்றங்கரையில், கஷெச்செவான் என்றொரு க்ரீ பழங்குடி ஊர் இருக்கிறது. வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து ஆறு பெருகும் என்ற பயத்தில் அந்த மக்களை ஏறக்குறைய ஆண்டுதோறும் விமானத்தில் ஏற்றித் தெற்கே உள்ள நகரங்களுக்கு அனுப்புகிறார்கள். ஏப்ரல், மே என்றால் பாடசாலைத் தவணை. பிள்ளைகள் ஹோட்டல் அறைகளில் வாரக்கணக்கில் கிடக்கிறார்கள். உயிர் தப்புகிறது, படிப்பு அறுந்து போகிறது. உயரமான இடத்துக்கு ஊரையே மாற்றுவோம் என்று 2019இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 2023 வசந்தத்திலும் அவர்கள் மூட்டை கட்டினார்கள். கனடாவைப் போன்ற பணக்கார நாட்டிலேயே அப்படி. வெளியேற்றம் பழகிப்போனால் இடமாற்றம் தள்ளிக்கொண்டே போகும் என்பதுதான் நான் அதில் படித்தது. மீரியபெத்தை மக்களும் புது வீட்டுக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் தூரம் அதிகமில்லை.

சிறு பாடசாலைகளை மூடி நகரத்துப் பெரிய பாடசாலையோடு சேர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் கிடைப்பார்களே என்று கேட்பவர்கள் உண்டு. உயர்தரத்துக்கு அது சரி. நாவலப்பிட்டி கதிரேசன் போன்ற கல்லூரிகளின் இடத்தை ஒரு மலைப் பாடசாலை நிரப்ப முடியாது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை மழைக்காலத்தில் வெட்டுண்ட பாதையில் பஸ்ஸில் அனுப்புவது எப்படிப் பாதுகாப்பு? பாதை அறுந்த நாளில் தாய் மலைமேலும் பிள்ளை நகரத்திலுமாகப் பிரிந்து நிற்பார்கள். தூரம் கூடினால் முதலில் நிற்பாட்டப்படுவது பெண்பிள்ளையின் படிப்பு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஆரம்பப் பாடசாலை குடியிருப்போடு போகட்டும். பாடசாலையே ஆபத்து வலயத்தில் நின்றால், அதையும் வீடுகளையும் ஒரே இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், தனித்தனியாக அல்ல.

ஆசிரியர்கள் மேல் இன்னொரு சுமையா என்ற கேள்விதான் எனக்கும் கனமானது. தமிழ் ஆசிரியர் பற்றாக்குறையில் ஒருவரே மூன்று வகுப்பைப் பார்க்கும் இடத்தில் அனர்த்த முகாமைத்துவமும் அவர் தலையில் விழுந்தால் அநியாயம்தான். ஆனால் அந்தச் சுமை சொல்லாமலே ஏற்கெனவே அவர் மேல் இருக்கிறது. 2011இல் ஜப்பானின் ஒக்காவா ஆரம்பப் பாடசாலையில் நிலநடுக்கத்துக்குப் பிறகு சுமார் 50 நிமிடம் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி வைத்தார்கள்; பின்னாலேயே குன்று இருந்தது. 108 பிள்ளைகளில் 74 பேரையும் 10 ஆசிரியர்களையும் சுனாமி கொண்டுபோனது. முன்கூட்டியே திட்டம் வகுக்காதது நிர்வாகத்தின் தவறு என்று 2019இல் உயர் நீதிமன்றம் வரை தீர்ப்பு நின்றது. எங்கே ஓடுவது என்று எழுதி வைப்பது ஆசிரியருக்குச் சுமை அல்ல. அது இல்லாததுதான் சுமை. பாடசாலை நடக்காத நேரத்தில் மழைமானியை வாசிக்கும் கூலியை வலயக் கல்வி அலுவலகமோ பழைய மாணவர் சங்கமோ ஓர் இளைஞருக்குக் கொடுக்கட்டும்.

மலையைவிட்டே இறங்கிவிட வேண்டியதுதானே என்பவர்களுக்கு, இறங்க விரும்புகிறவரைத் தடுக்க எனக்கு வாயில்லை. நானே இறங்கிக் கடல் தாண்டியவன். ஆனால் நிலமும் கையில் பணமும் இல்லாமல் கொழும்புக்கு இறங்குகிறவர் அங்கே வெள்ளம் ஏறும் நெருக்கமான வரிசை வீட்டில்தான் போய்ச் சேருகிறார். இருந்து பேசுகிறவனுக்கு ஓர் ஊரின் பலம் உண்டு. பிரிந்து போனவனுக்கு அது இல்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் திரட்டும் நண்பர்களிடமும் ஒன்று சொல்லியிருக்கிறேன்: பெயர்ப்பலகை மாட்டிய மண்டபம் கட்டுவதற்கு முன், அந்தப் பாடசாலை நிற்கும் நிலம் எந்த ஆபத்து வலயத்தில் இருக்கிறது என்று கேளுங்கள் என்று. அக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் பாடசாலைக்கும் அதைச் சுற்றியுள்ள லயங்களுக்கும் மண்சரிவு ஆபத்து வரைபடத்தில் என்ன நிறம் என்பதைத் தமிழில் எழுத்தாகக் கேட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் போடுங்கள். பதிலின் பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
டொரொன்டோவிலிருந்து உங்களில் ஒருவன்