எவ்வளவு மோசமாகும்? சராசரியைப் பார்த்துப் பதில் சொல்லாதீங்க



இந்த வார எபிசோடைக் கேட்டவங்களுக்குத் தெரியும், கடைசி இருபது நிமிஷம் எனக்கும் என் கோ-ஹோஸ்டுக்கும் நல்ல வாக்குவாதம். அவர் கட்சி இதுதான்: "5 டிகிரி ஏறும்னு பயமுறுத்தினாங்க. இப்போ 3-ன்னு சொல்றாங்க. மிச்சத்தை டெக்னாலஜி பார்த்துக்கும்." மைக் முன்னாடி நிதானமாகச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் சொல்வதில் உண்மை இருக்கு. ஆர்.சி.பி. 8.5 என்று ஒரு கணிப்புப் பாதை. இந்த நூற்றாண்டு முழுக்க உலகம் நிலக்கரியை மேலும் மேலும் எரித்துக்கொண்டே போகும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பல ஆய்வுகளும் செய்திகளும் அதையே "இப்படியே போனால் நடப்பது" என்று எடுத்துக்கொண்டன. அது சரியில்லை என்று 2020-ல் ஸீக் ஹவுஸ்ஃபாதரும் க்ளென் பீட்டர்ஸும் நேச்சர் இதழில் எழுதினார்கள். இருவருமே காலநிலை ஆய்வாளர்கள், மறுப்பாளர்கள் இல்லை. 2010-க்கும் 2020-க்கும் நடுவில் சோலார் பேனல் விலை சுமார் 90 சதவீதம் விழுந்தது. இன்றைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் 2100-ல் ஏறக்குறைய 3 டிகிரி என்பதுதான் இப்போதைய மதிப்பீடு. இது நல்ல செய்தி, சந்தேகமே இல்லை.

ஆனா அந்த 3 என்பது நடு மதிப்பு. அதற்கு இரண்டு பக்கமும் வால் இருக்கு.

காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும்? 1979-ல் சார்னி தலைமையிலான குழு சொன்ன பதில்: 1.5 முதல் 4.5 டிகிரி. 2021-ல் ஐ.பி.சி.சி. அறிக்கை சொன்ன பதில்: பெரும்பாலும் 2.5 முதல் 4. நாற்பது வருஷ ஆராய்ச்சியில் வரம்பு குறுகியிருக்கு, ஆனா எந்தப் பக்கம்னு கவனிங்க. மேலே அரை டிகிரி இறங்கியது, கீழே ஒரு டிகிரி ஏறியது. "ஒண்ணும் பெரிசா ஆகாது" என்று சொல்ல இருந்த இடம்தான் அதிகமா காலியாச்சு.

நம்ம வாசகர்களில் பாதிப் பேர் சர்வரோடு மல்லுக்கட்டுறவங்க. சராசரி லேட்டன்ஸி நல்லா இருக்குன்னு சொல்லி ஒரு சிஸ்டத்தை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்புவீங்களா? பி99 என்னன்னுதானே முதலில் கேட்பீங்க? காலநிலையும் நம்மை அடிக்கப்போவது அந்த இடத்தில்தான்.

நான் வாழும் பிரிட்டிஷ் கொலம்பியாவையே எடுத்துக்குவோம். கனடாவின் வெப்பச் சாதனை 1937-லிருந்து 45 டிகிரி. 2021 ஜூன் 29 அன்று லிட்டன் என்ற சின்ன ஊரில் 49.6. மறுநாள் தீயில் அந்த ஊரே பெரும்பாலும் அழிந்தது. அப்போது உலகச் சராசரி ஏறியிருந்தது வெறும் 1.2 டிகிரி. அந்த ஹீட் டோமை ஆராய்ந்த வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் குழு, இன்றைய காலநிலையிலேயே இது ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியது என்றது. 2 டிகிரியைத் தொட்டால்? 5 முதல் 10 வருஷத்துக்கு ஒருமுறை.

இப்போ "டெக்னாலஜி பார்த்துக்கும்" விஷயத்துக்கு வருவோம். அந்த வாரம் டெக்னாலஜி தோற்கவில்லை. வானிலை மாடல்கள் பல நாள் முன்னாலேயே சரியாகச் சொல்லிவிட்டன. ஏசி என்ற தொழில்நுட்பம் இருந்தது. எல்லார் கையிலும் போன் இருந்தது. ஆனாலும் மாகாணத்தில் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். மரண விசாரணை அறிக்கையைப் படித்துப் பாருங்க: 98 சதவீதம் பேர் இறந்தது கட்டடத்துக்குள்ளே. மூன்றில் இரண்டு பங்குப் பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். பாதிக்கும் மேல் தனியாக வாழ்ந்தவர்கள். பெரும்பாலான வீடுகளில் போதுமான குளிர்ச்சி வசதி கிடையாது. போனில் அவசர எச்சரிக்கை அனுப்பும் வசதியை வெப்பத்துக்கும் பயன்படுத்துவோம் என்று முடிவு செய்ததே அடுத்த வருஷம்தான். தீர்வு இருந்தது. தேவைப்பட்ட வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

வயசானவங்க, தனியா இருக்கிறவங்க, சூடு இறங்காத வீடு. இந்தப் பட்டியலைப் படிச்சதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது? எனக்கு ஊரில் இருக்கும் அப்பா அம்மாதான். நம்மில் எத்தனை பேரின் பெற்றோர் மொட்டை மாடிக்கு நேர் கீழே, கான்கிரீட் கூரை ராத்திரியிலும் கக்குகிற சூட்டில், தனியாக இருக்காங்க? கடலோர ஊர் என்றால் புழுக்கம் வேறு. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது.  கரன்ட் போனால் ஏசியும் இல்லை.

இன்னொரு கட்சியும் இருக்கு: "எல்லாம் முடிஞ்சு போச்சு, இனி என்ன பண்ணி என்ன." எனக்கு அதுவும் ஒத்துக்காது. 3 டிகிரிக்கும் 2.5-க்கும் நடுவில் இருப்பது பல லட்சம் வீடுகளின் கோடைக்காலம். ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு டிகிரியும் கணக்கில் வரும். இந்த இரண்டு கட்சிக்கும் ஒரு வசதி பொது: எதிலே சேர்ந்தாலும் நாம எதுவும் செய்ய வேண்டாம்.

ஆகவே "எவ்வளவு மோசமாகும்?" என்ற கேள்விக்கு என் பதில்: பாதியை வளிமண்டலம் தீர்மானிக்கும், பாதியை நாம தீர்மானிப்போம். மாசு குறைப்பதற்கு ஓட்டும் பணமும் வேணும், அது நீண்ட வேலை. இந்த வாரமே முடிகிற வேலையும் இருக்கு. ஊருக்குப் போன் போடும்போது கேளுங்க: ராத்திரி படுக்கிற அறையில் எவ்வளவு சூடு? கரன்ட் போனா என்ன பண்றீங்க? கதவைத் தட்டிப் பார்க்க பக்கத்தில் யார் இருக்காங்க? கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க ஆகும் செலவு, நம்மில் பலர் வருஷா வருஷம் புது போனுக்குக் கொடுக்கும் பணத்தை விடக் குறைவு.

என் கோ-ஹோஸ்ட் இதுக்கும் பதில் வைத்திருக்கிறார், அடுத்த எபிசோடில் கேட்கலாம். நீங்க எந்தக் கட்சி? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. பெற்றோர் வீட்டில் சூட்டைக் குறைக்க ஏதாவது செய்து பலன் கிடைத்திருந்தால் அதையும் எழுதுங்க. மற்றவங்களுக்கும் உதவும்.