பூணுக்கு முத்திரை உண்டு, கண்ணாடிக்கு?

பழம்பொருள் ஏலங்களில் விக்டோரியா காலத்து மதுச் சாடிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பட்டை தீட்டிய கனத்த கண்ணாடி உடல். கழுத்திலே வெள்ளிப் பூண். கைபிடியும் மூக்கும் கீல் பூட்டிய மூடியும் வெள்ளி. பிரான்சின் போர்தோ பிரதேசத்துச் செம்மதுவை ஆங்கிலேயர் கிளாரட் என்பர். ஆதலால் இவை கிளாரட் சாடிகள் எனப் பெயர் பெற்றன. கோல்ஃப் விளையாட்டின் ஓப்பன் வெற்றியாளருக்கு வழங்கப்படும் பரிசும் இவ்வடிவினதே. ஆனால் எடின்பரோவில் 1873இல் செய்யப்பட்ட அதன் மூலச் சாடி முழுவதும் வெள்ளி.

இவை பெருகியதற்கு அரசின் வரிக் கொள்கையும் ஒரு காரணம். பிரித்தானியாவில் 1745 முதல் கண்ணாடிக்கு எடையைக் கணக்கிட்டுத் தீர்வை அறவிட்டனர். ஆழமாகப் பட்டை வெட்டக் கனத்த கண்ணாடி வேண்டும்; கனத்துக்கோ வரி. 1845இல் பிரதமர் றொபர்ட் பீல் அத்தீர்வையை நீக்கினார். 1860இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் பிரெஞ்சு மதுவின் சுங்கவரியைக் குறைத்தார். பிரபுக்களின் மது நடுத்தர வர்க்கத்தின் மேசைக்கும் வந்தது. சாடியும் கூடவே வந்தது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். சாடியின் வெள்ளியை உற்று நோக்குங்கள். நடக்கும் சிங்கம், 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதற்குச் சான்று. நங்கூரம் பேர்மிங்ஹாமையும் சிறுத்தைத் தலை இலண்டனையும் குறிக்கும். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். பட்டறை உடையவரின் பெயரெழுத்துக்களும் அங்கே உண்டு. கண்ணாடியிலோ பெரும்பாலும் ஒன்றுமே இல்லை.

அந்தக் கண்ணாடியின் கதை என்ன? ஒருவர் ஊதி உருவாக்கினார். மற்றொருவர் ஈர மணல் வழியும் இரும்புச் சக்கரத்தில் அதை அழுத்திப் பட்டை வெட்டினார், கற்சக்கரத்தில் வழவழப்பாக்கினார். இறுதியில் மரச்சக்கரத்தில் மெருகேற்றினர். மெருகுப் பொடியில் வெள்ளீய ஒட்சைட்டோடு காரீய ஒட்சைட்டும் கலந்திருந்தது. அந்தப் பொடி உடலிற் சேர்ந்து காரீய நஞ்சால் நோயுற்ற மெருகுத் தொழிலாளர் பலர். நாம் வியக்கும் பளபளப்பின் விலை அது.

முத்திரைச் சட்டம் வாங்குவோரைக் காக்க எழுந்ததேயன்றித் தொழிலாளியைப் போற்ற அன்று எனச் சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் காப்பதற்கென இட்ட குறியே காலப்போக்கில் புகழாகிவிட்டது என்பதையும் மறுக்க முடியாது. விலைப்பட்டியலின் முதல்வரியில் பட்டறை உடையவர் நிற்கிறார்; பட்டை வெட்டியவர் எங்குமே இல்லை.

பத்திரிகைத் தொழிலிலும் இதுவே நடந்தது. எழுதியவனின் பெயர் கட்டுரையின் தலையில் அச்சாகும். காரீய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்த அச்சுக்கோப்பாளரின் பெயர் அடியிற்கூட அச்சானதில்லை. அவர் விரல்களிற் படிந்ததும் அதே காரீயந்தான்.

இழந்த பெயர்களை மீட்பது இனி இயலாது. ஆயினும் பார்வையை மாற்றலாம். அத்தகைய சாடியொன்று கைக்கு எட்டினால் முத்திரையைத் தேடுமுன் பட்டைகளின் மீது விரலை ஓட்டிப் பாருங்கள். அச்சில் அழுத்திய கண்ணாடியின் விளிம்பு மழுங்கியிருக்கும். கையால் வெட்டியது கூராய்த் தென்படும். பெயரற்ற அந்தத் தொழிலாளி இட்டுச் சென்ற முத்திரை அக்கூர்மைதான். உலக்கைக்குப் பூண் அழகு என்பதை ஒப்புகிறேன். நெல்லைக் குற்றுவது உலக்கை அல்லவா?