ஓசி மென்பொருளும் ஓனர் தோரணையும்

ஒருவர் முதல்முறையாக லினக்ஸ் போடுகிறார். ராத்திரி பதினொன்றரை மணி. ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. நேராகப் பயனர் குழுவுக்கு வந்து ஒரே வரி: "சவுண்டு வரலை, அவசரம், உடனே சொல்லுங்க." எந்த லேப்டாப், எந்த லினக்ஸ், திரையில் என்ன பிழைச் செய்தி... மூச்! பத்து நிமிஷத்தில் பதில் வராவிட்டால் அடுத்த வரி: "இதனாலதான் எவனும் லினக்ஸ் பக்கம் வர்றதில்ல."

அங்கே உட்கார்ந்து பதில் சொல்பவர்களை யார் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்? காசு வாங்கவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு வாய்ப்புச் செலவு என்று ஒன்றைச் சொல்லித் தருகிறார்களே, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோவதற்கா? பதில் சொல்லும் அந்த அரை மணி நேரம் யாரோ ஒருவருடைய தூக்கம், இல்லையென்றால் அவர் பிள்ளையோடு விளையாட வேண்டிய நேரம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கட்டற்ற மென்பொருளில் பல்லைப் பார்ப்பது தப்பே இல்லை. எந்தப் பல் ஆடுகிறது என்று பார்த்துச் சொன்னால் புண்ணியம். கறந்து, காய்ச்சி, வாசலில் கொண்டுவந்து வை என்று அதிகாரம் பண்ணுவதுதான் அசிங்கம்.

இந்த நச்சரிப்பு எதில் போய் முடியும் என்பதற்கு எக்ஸ்இசட் கதை ஒன்று போதும். கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி அது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல வருஷமாகப் பராமரித்தவர் லாஸே காலின் என்ற ஒற்றை ஆள். 2022-ல் சில பெயர்களில் ஆட்கள் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று குடைந்தார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று மனிதர் சொல்லியே பார்த்தார். விடவில்லை. கடைசியில், பணிவாகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்த 'ஜியா டான்' என்ற பெயருக்குப் பொறுப்பு போனது. 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்தப் பெயர் ஒரு பின்கதவைச் செருகியிருந்தது.

"பார்த்தீங்களா, மரியாதையா வந்தவன்தான் திருடன்!" என்று இதைத் திருப்பிப் போடுபவர்கள் உண்டு. கதவைத் திறந்தது மரியாதை இல்லை, நச்சரிப்பு. அந்தக் குடைச்சல் பெயர்களே திட்டமிட்டு உருவாக்கிய போலிகள் என்றுதான் பரவலாகச் சந்தேகிக்கப்படுகிறது. போலி என்று அப்போது ஏன் யாருக்கும் தோன்றவில்லை? நிஜ ஆட்கள் தினமும் அப்படித்தானே பேசுகிறார்கள்!

பிடித்தவர் கதை இன்னும் ருசி. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். எக்ஸ்இசட்டுக்கு அவர் வெளியாள். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். "ஸ்லோவா இருக்கு, அவசரம்" என்று கத்தவில்லை. எங்கே நேரம் போகிறது என்று அளந்தார், தோண்டினார், எந்தக் கோப்பில் விஷம் என்று ஆதாரத்தோடு 2024 மார்ச் 29 அன்று எழுதி வைத்தார். புதிதாக ஓர் இடத்துக்கு வருபவர் பிரச்சினையைக் கொண்டுவர வேண்டிய லட்சணம் அதுதான்.

பழைய ஆட்கள் எல்லாரும் உத்தமர்களா என்றால், கிடையவே கிடையாது. "மேனுவலைப் படிடா" என்று கெட்ட வார்த்தை சேர்த்துத் துரத்திய கூட்டம் அது. லினஸ் டோர்வால்ட்ஸே 2018-ல் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கினார். ஆனால் அவர்கள் திட்டியது, இவர்கள் மேனுவலைத் திறக்காமலே இருப்பதற்கு லைசென்ஸ் ஆகாது. பிழைச் செய்தியை அப்படியே எடுத்துத் தேடிப் பார்க்க ஐந்து நிமிஷம். என்னென்ன முயன்றேன் என்று நாலு வரி எழுத இன்னொரு ஐந்து நிமிஷம். இதற்குக்கூட நேரமில்லாதவருக்கு அடுத்தவர் மட்டும் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டுமாம்.

அந்த சவுண்டு ஆசாமிக்குப் பாவம் பார்த்து ஒருவர் ஒரு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, ஆல்சாமிக்சரைத் திறக்கச் சொன்னார். சேனல் மியூட்டில் இருந்தது. சத்தம் வந்ததா? வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை, நன்றியும் இல்லை, இப்படிச் சரியானது என்று ஒரு வரியும் இல்லை. அடுத்த வாரம் அதே லேப்டாப்போடு இன்னொருவர் வருவார். ராத்திரி பதினொன்றரைக்கு.