எந்த வடிகட்டி வாங்கலாம்?

பெங்களூருவில் வீடு மாறும்போது குடிநீரும் மாறுகிறது. ஒரு தெருவில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடந்து வரும் காவிரி நீர். அடுத்த தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீர் அல்லது டேங்கர் நீர். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்ட பின்னும் இந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை.

ஆகவே, வடிகட்டி வாங்குமுன் நீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். காவிரி நீருக்குப் பெரும்பாலும் கேண்டில் வடிகட்டியே போதும். அது கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் தடுக்கும், உப்பை நீக்காது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், மிகுந்தால் ஆர்.ஓ. கருவி தேவைப்படும். நைட்ரேட் மிகுந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் குறையாது.

கேண்டிலைச் சோப்பின்றி, மென்மையான பிரஷினால், கொதித்தாறிய நீரில் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் கண்டால் அன்றே மாற்றுங்கள். அவ்வழியே கிருமிகள் இறங்கிவிடும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரல்ல என்பதை மறவாதிருங்கள்.